காதை நம்புங்கள்: ஆங்கில ரைமிங் சொற்களைப் பொருளோடு கற்க ஒரு முழு வழிகாட்டி

மாலையில் என்னிடம் படிக்க வரும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், உயரத்தைக் குறிக்கும் 'ஹைட்' என்ற சொல்லுக்கு ரைமிங் வேர்டாக எடையைக் குறிக்கும் 'வெயிட்' என்று வீட்டுப்பாட நோட்டில் எழுதியிருந்தான். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சொல்லும் இ, ஐ, ஜி, எச், டி என்ற அதே ஐந்து எழுத்துகளில்தான் முடிகின்றன. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. வாய்விட்டுச் சொன்னால்தான் உண்மை தெரியும்: ஹைட் போய் 'லைட்'டோடு சேர்கிறது, வெயிட் போய் 'லேட்'டோடு சேர்கிறது.

ரைம் என்பது காதில் நடக்கும் விஷயம். ஆங்கில எழுத்து நம்மை ஒரு பக்கம் ஏமாற்றும். அதையே தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் அது இன்னொரு பக்கம் ஏமாற்றும். இரண்டு ஏமாற்றும் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டால், ஒரு சொல்லின் உச்சரிப்பைப் பிடித்துப் பத்துச் சொல்லின் உச்சரிப்பைக் கற்றுவிடலாம், பொருளோடு சேர்த்து. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரையும், பெரியவர்களாகி ஆங்கிலம் பழகுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். படிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லுங்கள்.

முதல் படி: எது ரைம், எது ரைம் இல்லை

தமிழ்ச் செய்யுளில் முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, அடியின் கடைசி ஒன்றினால் இயைபு. மூன்றையும் தொல்காப்பியமே பேசுகிறது. ஆங்கில ரைம் இயைபுக்கு நெருங்கிய உறவு, ஆனால் கணக்கு கொஞ்சம் வேறு. சொல்லில் அழுத்தம் எந்த உயிரொலியில் விழுகிறதோ, அங்கே தொடங்கிக் கடைசி வரை எல்லா ஒலியும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் மாற வேண்டும்.

நம் சொற்களை வைத்தே பார்க்கலாம். கல், பல், நெல். எதுகைக் கணக்கில் மூன்றும் சேரும். இரண்டாம் எழுத்து 'ல்' பொதுவாக இருக்கிறதே. ஆங்கிலக் கணக்கில் கல்லும் பல்லும் மட்டும்தான் ஜோடி. நெல்லில் உயிர் 'எ' ஆகிவிட்டது, அது 'செல்'லோடு போய்விடும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முன்னால் நிற்கும் மெய்யும் மாறாமல் முழுச் சொல்லும் ஒரே ஒலியாக இருந்தால்? இரவைக் குறிக்கும் நைட்டும், இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரனைக் குறிக்கும் நைட்டும் அப்படித்தான். எழுதுவதும் பொருளும் வேறு, ஒலி ஒன்று. ஆங்கிலக் கவிஞர்கள் இதை நல்ல ரைமாகக் கொள்வதில்லை. பிரெஞ்சுக் கவிதையில் இதற்கு மரியாதை உண்டு.

இரண்டாம் படி: சிக்கலில்லாத ஒரு குடும்பத்தில் தொடங்குங்கள்

எழுத்தும் ஒலியும் சண்டை போடாத குடும்பம் ஒன்றை எடுப்போம். 'இல்' என்று முடியும் சொற்கள். ஹில் என்றால் குன்று. மில் என்றால் ஆலை. கில் என்றால் கொல். ஃபில் என்றால் நிரப்பு. டில் என்றால் வரை, அதாவது ஒரு நேரம் வரை. வில் என்றால் உயில், மனவுறுதி என்றும் பொருள். சில் என்றால் குளிர்ச்சி. ஸ்கில் என்றால் திறமை. ஸ்டில் என்றால் அசையாமல், இன்னும் என்ற இரண்டு பொருள். ஸ்பில் என்றால் சிந்து. டிரில் என்றால் துளையிடு, பயிற்சி. த்ரில் என்றால் சிலிர்ப்பு. பில் என்று இரண்டு சொல் உண்டு: மாத்திரை ஒன்று, ரசீது இன்னொன்று. மாத்திரைக்கு உதட்டை மூடிக் காற்றை வெடிக்கவிட வேண்டும், ரசீதுக்குத் தொண்டை அதிர வேண்டும். முதல் மெய் வேறு என்பதால் அவை ஒன்றுக்கொன்று நல்ல ரைம்.

ஒரு முடிவைப் பிடித்துப் பதின்மூன்று பதினான்கு சொல் வந்துவிட்டது. அமெரிக்காவில் வைலி, டரல் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். இப்படிப்பட்ட 37 முடிவுகள் தெரிந்தால், தொடக்க வகுப்புக் குழந்தைகள் சந்திக்கும் ஏறத்தாழ 500 சொற்களைப் படித்துவிடலாம் என்பது அது. இந்த 'இல்' அந்த 37-ல் ஒன்று. 'ஐட்' இன்னொன்று.

மூன்றாம் படி: 'ஐட்' குடும்பமும் 'ஐடு' குடும்பமும்

நம்மில் பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான், அதனால் இங்கே நிறைய நேரம் நில்லுங்கள்.

பக்கத்துக்கும் சைட், பார்வைக்கும் சைட். சவாரிக்கும் ரைட், சரி என்பதற்கும் ரைட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. நம் 'ட்' வல்லின ஒலிக்கும் அதன் அதிரும் வடிவத்துக்கும் ஒரே எழுத்து. தமிழுக்கு அது போதும், ஏனென்றால் தமிழில் அந்த அதிர்வை வைத்துப் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும்.

ஆனால் நம் நாக்குக்கு இந்த வித்தியாசம் ஏற்கனவே தெரியும்! பேச்சில் நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கவனியுங்கள். ரோடு, லோடு, ஸ்பீடு, கார்டு, சைடு. இவற்றில் ஒற்றை 'டு'. நோட்டு, கோட்டு, சீட்டு, சார்ட்டு, லைட்டு. இவற்றில் அழுத்தமான 'ட்டு'. யாரும் 'ரோட்டு மேல லோட்டு லாரி' என்று சொல்வதில்லை, 'லைடு போடு' என்றும் சொல்வதில்லை. நம் தமிழ்ச் சொற்கள் வல்லினத்தில் முடிவதில்லை. குற்றியலுகரத்தைச் சேர்த்துத்தான் முடிப்போம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது, அதிரும் ஒலிக்கு 'டு', அதிராத ஒலிக்கு 'ட்டு' என்று பாட்டி காலத்திலிருந்தே பிரித்துவைத்திருக்கிறோம். எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லித்தராமல் காது செய்த வேலை இது. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

ஆகவே சோதனை எளிது. சொல்லோடு ஓர் உகரம் சேர்த்துப் பேச்சு வழக்கில் சொல்லுங்கள். 'ட்டு' வந்தால் ஒரு குடும்பம், 'டு' வந்தால் மறு குடும்பம். ரோடு, லோடு, குறியீடான கோடு மூன்றும் ரைம். நோட்டு, அணியும் கோட்டு, படகான போட்டு, தேர்தல் வோட்டு நான்கும் ரைம். ரோடும் நோட்டும் ரைம் இல்லை. குடும்பம் தெரிந்த பிறகு, ஆங்கிலம் பேசும்போது அந்த உகரத்தை விட்டுவிடுங்கள். இன்னொரு துப்பும் உண்டு: அதிரும் ஒலிக்கு முன்னால் உயிர் கொஞ்சம் நீளும், அதிராத ஒலிக்கு முன்னால் சட்டென்று நறுக்கப்படும். 'சை...டு', 'சைட்'.

இனி சொற்கள். அதிராத 'ட்' குடும்பம்: லைட் என்றால் வெளிச்சம், எடை குறைந்தது என்றும் பொருள். நைட், இரவு. ரைட், சரி, வலப்பக்கம், உரிமை; எழுதுவதும் ரைட்தான், எழுத்துக்கூட்டு மட்டும் வேறு. சைட், பார்வை, காட்சி. டைட், இறுக்கம். ஃபைட், சண்டை. மைட், வலிமை. பிரைட், ஒளி மிக்கது. ஸ்லைட், சிறிதளவு. ஃபிளைட், பறத்தல், விமானப் பயணம். ஃபிரைட், திடுக்கிடும் பயம். பிளைட், அவல நிலை. பைட், கடி. ஒயிட், வெள்ளை. ஹைட், உயரம். கைட், பட்டம். இந்தக் கைட்டுக்குப் பருந்து என்பதுதான் மூலப் பொருள். காகிதப் பட்டம் வானில் மிதப்பதைப் பார்த்து அந்தப் பெயரை அதற்கும் வைத்தார்கள்.

அதிரும் 'டு' குடும்பம்: சைடு, பக்கம். ரைடு, சவாரி. வைடு, அகலமானது; கிரிக்கெட்டில் அகலமாகப் போகும் பந்தும் அதுதான். ஹைடு, ஒளிந்துகொள். டைடு, கடலின் ஏற்றவற்றம். கைடு, வழிகாட்டி. பிரைடு, மணப்பெண், பெருமிதத்துக்கும் தமிழ் எழுத்தில் பிரைடு, அங்கே முதல் ஒலி அதிராது. ஸ்லைடு, சறுக்கு. அழுதான் என்பதற்குக் கிரைடு, முயன்றான் என்பதற்கு டிரைடு. ஃபிரைடு ரைஸில் வரும் ஃபிரைடு, எண்ணெயில் வறுத்தது.

இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சைட்–சைடு, ரைட்–ரைடு, ஒயிட்–வைடு, ஹைட்–ஹைடு, டைட்–டைடு, பிரைட்–பிரைடு, ஸ்லைட்–ஸ்லைடு. ஏழு ஜோடிகள். இந்த ஏழையும் ஒரு வாரம் காலையில் சொல்லிப் பழகினால் ஆங்கிலப் பேச்சே தெளிவாகிவிடும். இது என் அனுபவம்.

நான்காம் படி: சீறும் ஸ், ரீங்கரிக்கும் ஸ்

இதற்கு உகரச் சோதனை உதவாது. விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ் என்று எழுதுகிறோம். விரலைத் தொண்டையில் வையுங்கள். பாம்பு சீறுவது போல வெறும் காற்று வந்தால் விலை. வண்டு ரீங்கரிப்பது போலத் தொண்டை அதிர்ந்தால் பரிசு.

சீறும் குடும்பத்தில் ரைஸ் என்னும் அரிசி, ஐஸ் என்னும் பனிக்கட்டி, நைஸ் என்னும் இனிமை, மைஸ் என்னும் எலிகள், ஸ்பைஸ் என்னும் மசாலா, ஸ்லைஸ் என்னும் வில்லை, ட்வைஸ் என்னும் இருமுறை. ரீங்கரிக்கும் குடும்பத்தில் எழுவதைக் குறிக்கும் ரைஸ், கண்களைக் குறிக்கும் ஐஸ், அளவைக் குறிக்கும் சைஸ், அறிவுள்ள என்னும் வைஸ். அட்வைஸ் இரண்டிலும் உண்டு. அறிவுரை என்ற பெயர்ச்சொல் அரிசியோடு சேரும். அறிவுரை கூறு என்ற வினைச்சொல் எழுவதோடு சேரும்.

ஐந்தாம் படி: கண்ணுக்கு மட்டும் ரைம் ஆகும் சொற்கள்

இப்போது ஆங்கில எழுத்தின் பக்கம் வருவோம். நைட், லைட், ரைட் ஆகியவற்றின் நடுவே ஜி, எச் என்று இரண்டு எழுத்துகள் எதற்கு? ஒரு காலத்தில் அவற்றுக்கு ஒலி இருந்தது. 'அஃது' என்பதில் ஆய்தம் தொண்டையில் உரசுவது போன்ற ஓர் உரசல். ஜெர்மன் மொழியில் இரவையும் வெளிச்சத்தையும் குறிக்கும் சொற்களில் அந்த உரசல் இன்றும் கேட்கும். குதிரைவீரனின் முன்னால் நிற்கும் 'கே'யும் அப்போது உச்சரிக்கப்பட்டதுதான்.

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டு மெல்ல உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில், ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில், ஆங்கில நெடில் உயிர்கள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன. மொழியியலார் அதைப் பெரும் உயிரொலி மாற்றம் என்பார்கள். நாக்கு ஓடியது, எழுத்து நின்றுவிட்டது. இன்று பள்ளிப் பிள்ளை படும் பாட்டுக்கு இதுவே முக்கியக் காரணம்.

மகிழ்ச்சியைக் குறிக்கும் டிலைட் என்ற சொல்லுக்கு அந்த ஜி, எச் பிறப்பில் கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. லைட்டைப் பார்த்து, அதன் சாயலில் யாரோ சேர்த்துவிட்டார்கள்.

மோசமான கண்கட்டு ஓ, யு, ஜி, எச் என்ற நான்கெழுத்து முடிவு. இருமலைக் குறிக்கும் காஃப், 'ஆஃப்' என்பதோடு சேரும். கடினத்தைக் குறிக்கும் டஃப், சொரசொரப்பான ரஃப், போதும் என்னும் இனஃப் மூன்றும் 'ஸ்டஃப்' உடன் சேரும். இருந்தாலும் என்னும் தோ, 'கோ'வோடு சேரும். ஊடாக என்னும் த்ரூ, நீலமான 'புளூ'வோடும் காலில் போடும் 'ஷூ'வோடும் சேரும். மரக்கிளையைக் குறிக்கும் பௌ, பசுவைக் குறிக்கும் 'கௌ'வோடு சேரும். ஒரே முடிவு, ஐந்து ஒலி.

மகளைக் குறிக்கும் டாட்டருக்கும் சிரிப்பைக் குறிக்கும் லாஃப்டருக்கும் முதலெழுத்து ஒன்றுதான் வேறு. ஆனால் மகள் தண்ணீரான 'வாட்டர்' பக்கம், சிரிப்பு பிறகு என்னும் 'ஆஃப்டர்' பக்கம். கல்லறை டூம், அது அறையான 'ரூம்' பக்கம். தலைசீவும் சீப்பு கோம், அது வீடான 'ஹோம்' பக்கம். வெடிகுண்டு பாம், அது 'டாம்' என்ற பெயரின் பக்கம். மூன்றின் கடைசியிலும் எழுதப்படும் பி ஊமை. தாடி பியர்டு, கேட்டேன் என்பது ஹெர்டு. இந்த ஹெர்டு, பறவையான 'பெர்டு', மூன்றாவதான 'தெர்டு' ஆகியவற்றோடு போகும். இரண்டு ஓ வரும் சொற்களில் உணவு ஃபூட், மனநிலையான மூடோடு. நல்லது குட், மரக்கட்டையான வுட்டோடு. இரத்தம் பிளட், சேறான மட்டோடு. இவை எல்லாமே அதிரும் ஒலியில் முடிகிறவை.

தலைகீழாக, எழுத்து துளியும் ஒக்காமல் ஒலி ஒக்கும் சொற்களும் உண்டு. சொன்னான் என்பதற்கு செட், அது சிவப்பு நிற 'ரெட்'டோடும் தலையான 'ஹெட்'டோடும் சேரும், மூன்றின் கடைசி ஒலியும் அதிரும்; பணம் கொடுத்தான் என்னும் 'பெய்டு' உயிர் வேறு என்பதால் சேராது. புதைத்தலைக் குறிக்கும் பெரி, மிகவும் என்னும் 'வெரி'யோடு சேரும். பலர் அதைப் 'புரி' என்கிறார்கள். ரைம் தெரிந்துவிட்டால் அந்தத் தவறு வராது.

ஆறாம் படி: இறந்தகாலமும் நீளமான சொற்களும்

'மிஸ்டு கால்' நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மிஸ்டு எழுத்தில் இ, டி என்று முடிந்தாலும் ஒலியில் வெறும் 'மிஸ்ட்'. மூடுபனியைக் குறிக்கும் மிஸ்ட்டும் அதே ஒலி. பட்டியலான லிஸ்ட், முஷ்டியான ஃபிஸ்ட், முறுக்கான ட்விஸ்ட், மணிக்கட்டான ரிஸ்ட் எல்லாம் அதற்கு ரைம். மூட்டை கட்டினான் என்னும் 'பேக்ட்', உண்மைத் தகவலான 'ஃபேக்ட்'டோடு சேரும். 'பேக்கெட்' என்று இழுத்துச் சொன்னால் அது பொட்டலம் ஆகிவிடும்.

இரண்டு அசை உள்ள சொல் வந்தால் அழுத்தம் எங்கே என்று முதலில் பாருங்கள். ஓடுதலான ரன்னிங், பாடுதலான சிங்கிங் இரண்டும் 'இங்' என்று முடிகின்றன, ஆனாலும் ரைம் இல்லை. அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அங்கிருந்தே ஒக்க வேண்டும். சிங்கிங்குக்கு ரைம், மணி அடித்தலான ரிங்கிங், கொண்டுவருதலான பிரிங்கிங். பணமான மனி, தேனான ஹனி, வேடிக்கையான ஃபனி, வெயிலடிக்கும் சனி நல்ல குடும்பம். அசைவான மோஷன், பூசும் லோஷன், பெருங்கடலான ஓஷன் மூன்றும் சேரும். கடல் மட்டும் எழுத்தில் வேறு வேஷம் போட்டிருக்கும்.

சில சொல்லுக்கு ரைம் தேடிக் களைக்க வேண்டாம். மாதத்தைக் குறிக்கும் மன்த் என்பதற்கு வழக்கமான ஆங்கிலச் சொல் எதுவும் ரைம் இல்லை. ஆரஞ்சுக்கும் அப்படியே, வேல்ஸ் நாட்டில் உள்ள பிளோரஞ்ச் என்ற மலைதான் அதோடு ஒலிக்கிறது.

நாட்டுக்கு நாடு ரைம் மாறுவதும் உண்டு. எழுத்தரைக் குறிக்கும் சொல் பிரிட்டனில் கிளார்க், இருளான 'டார்க்'கோடு சேரும். அமெரிக்காவில் கிளர்க், வேலையான 'வொர்க்'கோடு சேரும். நம்மூர் அலுவலகங்களில் இரண்டையும் கேட்கலாம். கடைசி எழுத்தான இசட்டை அமெரிக்கர்கள் 'ஜீ' என்பதால்தான் அவர்களின் அகரவரிசைப் பாட்டு கடைசி வரியில் அழகாக முடிகிறது. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

லண்டனின் கிழக்குப் பகுதி மக்கள் ரைமை வைத்து ஒரு பேச்சு வழக்கையே உருவாக்கினார்கள். 1859-ல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலேயே இதைப் பற்றிப் பதிவு இருக்கிறது. மாடிப்படிகளான ஸ்டேர்ஸுக்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்', போனுக்கு 'டாக் அண்ட் போன்', அதாவது நாயும் எலும்பும். சில சமயம் ரைம் ஆகும் பாதியை விழுங்கிவிடுவார்கள். பார் என்னும் 'லுக்'குக்கு 'புட்சர்ஸ் ஹுக்', கறிக்கடைக்காரரின் கொக்கி. பேச்சில் 'புட்சர்ஸ்' மட்டும் வரும். வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது.

ஏழாம் படி: தினமும் செய்ய வேண்டியது

ஒரு நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். பக்கத்தின் தலையில் எழுத்துக்கூட்டை எழுதாமல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை எழுதுங்கள்: 'லைட் வீடு', 'சைடு வீடு', 'ரைஸ் வீடு' என்று. அப்புறம் முதல் மெய்யை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சொல் கிடைத்தால் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் தமிழ்ப் பொருள், கீழே சின்னதாக ஒரு வாக்கியம். பொருள் இல்லாமல் வெறும் பட்டியல் எழுதினால் நாலு நாளில் மறந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். சந்தேகம் வந்தால் கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுதும் வயதுக்கு முன்பே விளையாட்டாகத் தொடங்கலாம். பிரிட்டனின் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதில் நன்றாகச் செய்த குழந்தைகள் பின்னாளில் வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னால் நின்றார்கள். அந்த விளையாட்டுக்குச் செலவே இல்லை. சமைக்கும்போதோ பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ விளையாடலாம்.

இன்று இரவே தொடங்க மூன்று கேள்விகள். குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, நீங்கள் மெதுவாகச் சொல்லுங்கள். ஹில், மில், பெல்: இதில் சேராதது எது? பெல். லைட், கைட், ரைடு: எது? சவாரியான ரைடு. லேட், ஹைட், வெயிட்: எது? ஹைட்.